பின்சீட்டுக்காரரைக் கேட்டு பைக் வாங்குங்க!

ஆபீஸ்ல யாராவது பைக் வாங்கப் போறாங்கன்னா என் மேஜைப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போவாங்க. நான் மெக்கானிக் இல்லை, டீலரும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல தினமும் போக வர நாற்பது கிலோமீட்டர் பைக் ஓட்டுறவன், அவ்வளவுதான் தகுதி. "சார், ஒரு லட்சத்தைச் சுத்தி பட்ஜெட். எந்த பைக் வாங்கலாம்?"னு கேட்பாங்க. நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேட்பேன்.

"பின்னாடி யாரு உக்காரப் போறாங்க?"

பெரும்பாலும் ஒரு முழி முழிப்பாங்க. மைலேஜ் யோசிச்சிருப்பாங்க, கலர் யோசிச்சிருப்பாங்க, ஹெட்லைட்டு எல்இடியான்னு விசாரிச்சிருப்பாங்க. யூடியூப்ல ஒரு வாரம் உக்காந்து விமர்சனம் எல்லாம் பார்த்திருப்பாங்க. அந்த விமர்சனங்கள்ல முக்கால்வாசி ஒருத்தர் தனியா, காலி ரோட்டுல, ஜாக்கெட் மாட்டிக்கிட்டு ஓட்டுறதுதான். அவருக்குப் பின்னாடி புடவை கட்டின பொண்டாட்டியோ, காய்கறிப் பையோட அம்மாவோ உக்காந்திருக்க மாட்டாங்க. நமக்கு உக்காந்திருப்பாங்க!

என் கட்சி இதுதான். நம்ம ஊர்ல 125 முதல் 160 சிசி வரைக்கும் உள்ள பைக் ஓட்டுறவனோட வண்டி கிடையாது. அது வீட்டோட வண்டி. அதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பின்சீட்டுல உக்காரப் போறவருக்குத்தான் முதல்ல. ஓட்டுறவனுக்கு ஹேண்டில் இருக்கு, பிரேக் இருக்கு, முன்னாடி என்ன வருதுன்னு தெரியும். பள்ளம் வந்தா உடம்பைத் தயார் பண்ணிக்கலாம். பின்னாடி இருக்கறவருக்கு இதுல ஒண்ணும் கிடையாது. நம்ம முதுகுதான் தெரியும். நம்மை நம்பி உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்லிடறேன். திருவானைக்கோவில்ல வீடு, துவாக்குடிப் பக்கம் வேலை. தங்கமணிக்கு காட்டூர்ல ஸ்கூல். காலையில பால்பண்ணை, அரியமங்கலம்னு தஞ்சாவூர் ரோட்டுல ஒட்டி ஒட்டிப் போய் அவங்களை இறக்கி விட்டுட்டு நான் திருவெறும்பூர் தாண்டிப் போகணும். ஆக, தினமும் பாதி தூரம் டபுள்ஸ், மீதி தூரம் சிங்கிள். ஞாயித்துக்கிழமை சமயபுரமோ, மாமனார் வீடோ, அதுவும் டபுள்ஸ்தான். நம்மள்ல நிறைய பேர் வாழ்க்கை இந்தக் கணக்குலதான் ஓடுது. ஆனா வண்டி வாங்குறப்ப மட்டும் வாழ்நாள் முழுக்க சிங்கிளாவே போகப் போற மாதிரி வாங்குறோம்.

எங்க அக்கா பையன் இப்படித்தான் வாங்கினான். பேர் சொல்லலை, கம்பெனியும் சொல்லலை. முன்சீட்டு பள்ளத்துல, பின்சீட்டு மாடியில இருக்குமே, அந்த ஜாதி வண்டி. பார்க்க அட்டகாசமா இருந்தது, நானே ரெண்டு தடவை சுத்திச் சுத்திப் பார்த்தேன். அக்காவுக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு, மூட்டுவலி வேற. மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும். முதல் தடவை ஏறப் போனவங்க, காலைத் தூக்கிப் பார்த்துட்டு இறக்கிட்டாங்க.

"டேய், இதுல ஏறணும்னா எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுடா"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் அக்கா அந்த வண்டியில ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோ முந்நூறு ரூபா. பையன் பைக்ல முன்னாடி போவான், அம்மா ஆட்டோவுல பின்னாடி போவாங்க. "அம்மாவைக் கூட்டிட்டுப் போகத்தான் மாமா வண்டி வாங்குறேன்"னு சொல்லித்தான் என்கிட்ட பத்தாயிரம் கைமாத்து வாங்கினான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். பின்சீட்டை வெச்சு வண்டி பார்க்கணும்னா எதை எல்லாம் பார்க்கணும்?

முதல்ல சீட்டு. ஒரே நீளமா, தட்டையா இருக்கிற சீட்டு. ரெண்டா வெட்டின சீட்டு ஸ்டைலுக்கு நல்லது, இடுப்புக்கு நல்லதில்லை. பின்சீட்டு உயரமா இருந்தா ஒவ்வொரு பிரேக்குக்கும் அவங்க வழுக்கி நம்ம மேல வந்து விழுவாங்க. அதைத் தாங்க நம்ம கை ரெண்டும் ஹேண்டிலை அழுத்தும். பத்து கிலோமீட்டர்ல ரெண்டு பேருக்கும் வலி. ஷோரூம்ல போட்டிருக்கற சீட்டு உயரம் ஓட்டுறவரோட சீட்டு உயரம். பின்சீட்டு உயரத்தை யாரும் போட மாட்டாங்க, ஏறிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

ரெண்டாவது, கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் சாரி கார்டும். இது ஏதோ கம்பெனிக்காரன் தர்ற இலவசம்னு நினைக்காதீங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 123. பின்னாடி ஆள் உக்காரற வசதி உள்ள பைக்கில் நிரந்தரக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்துல மாட்டாம பின் சக்கரத்தோட பாதியையாவது மறைக்கிற தடுப்பு, இது மூணும் இருந்தே ஆகணும்னு எழுதியிருக்கு. நம்ம பசங்க வண்டி டெலிவரி எடுத்த மறுநாளே மெக்கானிக் கடைக்குப் போய் "லுக்கு கெடுது"ன்னு சாரி கார்டைக் கழட்டிப் பரண்ல போட்டுடுறாங்க. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்துல மாட்டி ஒரு பெண் கீழே விழுந்தாங்கன்னு செய்தி படிக்கறப்ப எல்லாம் எனக்கு அந்தப் பரண்தான் ஞாபகம் வரும். லுக்கு வேணும்னா போட்டோ எடுக்கற அன்னைக்கு மட்டும் கழட்டிக்கோங்கப்பா.

இன்னொண்ணு, வாய்ப்பிருந்தா ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரச் சொல்லுங்க. ஒருபக்கமா உக்காந்தா எடை முழுக்க இடது பக்கம் சாயும், திடீர் பிரேக்குல பிடிமானம் இருக்காது. புடவைக்கு அது முடியாதுன்னு எனக்கும் தெரியும். முடியாதப்ப கைப்பிடி கெட்டியா, கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். கால் வைக்கிற தட்டு ரெண்டு பாதத்தையும் வைக்கிற அளவுக்கு அகலமா இருக்கணும். முழுசா மூடின செயின் கவர் இருந்தா இன்னும் நல்லது. சின்னப் பசங்களா இருந்தா வலது பக்க சைலன்சர்ல கால் படுதான்னும் பாருங்க. அந்தச் சூடு பட்ட தழும்பு நம்ம தலைமுறையில நிறைய பேர் கெண்டைக்கால்ல இருக்கும்.

மூணாவது, எஞ்சின். இங்கதான் எல்லாரும் குதிரைசக்தியைக் கேட்பாங்க. நான் கேட்கிறது டார்க். அதுவும் எந்த ஆர்பிஎம்ல வருதுங்கறது. ஆள் ஏத்திக்கிட்டு சிக்னல்ல நின்னு கிளம்பறதுக்கும், மேம்பாலத்துல பாதியில மாட்டிக்கிட்டா மேலே ஏறதுக்கும் வேணுங்கறது அதுதான்.

ஒரு சின்ன கணக்கு. ஸ்பிளெண்டர் பிளஸ் எடை 112 கிலோ. நான் 75, பின்னாடி 65னு வெச்சா மொத்தம் 252. அதை இழுக்க எஞ்சின் தர்றது சுமார் 8 நியூட்டன் மீட்டர். ஷைன் 125 எடையும் கிட்டத்தட்ட அதே 113 கிலோதான், ஆனா டார்க் 11. அதாவது அதே சுமைக்கு மூணுல ஒரு பங்குக்கும் மேல கூடுதல் இழுவை. யூனிகார்ன் (இப்ப 162.7 சிசி) எடை 139 கிலோ, ஆட்களோட 279. டார்க் பதினாலரை, அதுவும் ஐயாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்லயே வந்துடும். அப்பாச்சி ஆர்டிஆர் 160 (ரெண்டு வால்வ்) நல்ல எஞ்சின்தான், ஆனா அதோட முழு டார்க் ஏழாயிரத்துல வருது. தனியா முறுக்குறவனுக்கு அது குஷி. பின்னாடி ஆள் இருக்கறப்ப ஏழாயிரம் வரைக்கும் முறுக்குனா முதுகுல குத்து விழும். எனக்கு விழும் :-)

100 சிசி வண்டியில டபுள்ஸ் போக முடியாதான்னு கேட்டா, இந்த நாடே அதுலதான் போய்க்கிட்டு இருக்கு. 1994ல வந்த ஸ்பிளெண்டர் எத்தனை குடும்பத்தைச் சுமந்திருக்குன்னு எண்ண முடியாது. ஊருக்குள்ள ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு அது தாராளம். பைபாஸ்ல பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றப்ப, ஒதுங்கறதுக்கு கொஞ்சம் கூடுதல் இழுவை இருந்தா மனசுக்குத் தெம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது, பிரேக். இதை யாரும் கேக்கறதே இல்லை. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல உள்ள எல்லா பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம்னு ஆச்சு. 125 வரைக்கும் சிபிஎஸ் இருந்தா போதும்னு அப்ப விதி வெச்சாங்க, அதாவது பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஏபிஎஸ்ன்னா சக்கரம் லாக் ஆகாது. இந்த விலையில பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் இருக்கும், அதுவே போதும். மழையில, மணல்ல, நாய் குறுக்கே வர்றப்ப நாம பதறி முன் பிரேக்கைத்தான் கவ்வுவோம். அந்த நேரத்துல பின்னாடி ஒருத்தர் இருந்தா முன் சக்கரம் வழுக்குறது ரெண்டு உயிர் விஷயம்.

இப்ப எல்லாரும் காத்திருந்த கேள்வி. "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

இதுக்கும் கணக்கே போட்டுடுவோம். தினமும் 40 கிமீ, மாசம் 25 நாள், மொத்தம் 1000 கிமீ. 125 சிசி லிட்டருக்கு 55 கொடுக்குதுன்னு வெச்சா 18.2 லிட்டர். 160 சிசி 47 கொடுக்குதுன்னு வெச்சா 21.3 லிட்டர். வித்தியாசம் மூணு லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபான்னா மாசம் முந்நூத்திப் பத்து. ஒரு நாளைக்குப் பன்னெண்டு ரூபா. ஒரு டீ! அந்த ஒரு டீக்காகத்தான் ரெண்டு வாரமா மண்டையைப் பிச்சுக்கிறோம். வண்டி விலையில முப்பதாயிரம் வித்தியாசம் வருதேன்னா, அது நியாயமான கேள்வி. பத்து வருஷம் ஓட்டினா மாசத்துக்கு 250. ரெண்டையும் கூட்டினா மாசம் 560 ரூபா. எங்க அக்கா ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போற காசுகூட இல்லை. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமா குறைஞ்சதுல இந்த வண்டிகள் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கு.

அப்ப ஸ்கூட்டர் வாங்கிட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. தப்பே இல்லை. மூட்டுவலிக்காரங்க ஏறி இறங்க ஸ்கூட்டரை அடிச்சுக்க ஆள் கிடையாது. வீட்டுல வயசானவங்க இருந்து, ஊருக்குள்ளயே ஓட்டம்னா கண்ணை மூடிக்கிட்டு ஸ்கூட்டர் வாங்குங்க. எனக்கு ஒத்து வராததுக்குக் காரணம் சக்கரம். பைக்குக்கு 17 இன்ச்சோ 18 இன்ச்சோ சக்கரம். ஸ்கூட்டருக்கு 10, 12தான். பெரிய சக்கரம் பள்ளத்து மேல உருண்டு போயிடும், சின்னது பள்ளத்துக்குள்ள இறங்கி ஏறும். மழைக்காலத்துல நம்ம ரோட்டை வெச்சுப் பார்த்தா, தினமும் நாற்பது கிலோமீட்டர்க்காரனுக்கு அது பெரிய விஷயம்.

சரி, கடைசியா எதைத்தான் வாங்குறது? என் சிபாரிசு ரெண்டே வரி. டபுள்ஸ் எப்பவாவதுதான், ஊருக்குள்ளதான்னா 125 போதும். ஷைன் மாதிரி நீளமான ஒத்தை சீட்டு வண்டி. நம்ம ஓசூர் தயாரிப்பு ரெய்டர் 125 பிடிச்சிருந்தா அதுலயும் ஒத்தை சீட்டு மாடல் வந்திருக்கு, கேட்டுப் பாருங்க. தினமும் டபுள்ஸ், அதுவும் பைபாஸ்லன்னா 150, 160 பக்கம் வாங்க. யூனிகார்ன் 2004ல வந்தப்ப இருந்தே "அங்கிள் பைக்"னு பேர் எடுத்தது. அங்கிள்களுக்குத்தான் பின்னாடி ஆள் உக்காருவாங்க, அதனால அதைப் பாராட்டா எடுத்துக்கலாம். பல்சர் 150 தான் வேணும்னு பையன் அடம் பிடிச்சா ஒத்தை டிஸ்க், ஒத்தை சீட்டு மாடலை எடுத்துக் கொடுங்க. வீட்டுல சண்டை வராது.

"நான் பேச்சிலர், எனக்கெதுக்கு பின்சீட்டு?"ன்னு ஒரு தம்பி கேட்டார். தம்பி, பைக் பத்து வருஷம் வரும். பேச்சிலர் பட்டம் அவ்வளவு நாள் வராது.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லணும். சீட்டு நீளமா இருக்கேன்னு நாலு பேரை ஏத்தறதுக்காக இதைச் சொல்லலை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 128 படி ஓட்டுறவரோட சேர்த்து ரெண்டே பேர். புருஷன், பொண்டாட்டி, நடுவுல எட்டு வயசுப் பையன்னாலும் சட்டத்துக்கு அது ட்ரிபிள்ஸ்தான். நாம எல்லாரும் பார்க்கறோம், நிறைய வீட்டுல வேற வழியும் இல்லை. காலையில ஸ்கூல் பஸ்ஸுக்கு மாசம் ஆயிரக்கணக்குல கொடுக்க முடியாதவங்களைக் கை நீட்டிப் பேச எனக்கு மனசு வராது. ஆனா பெட்ரோல் டேங்க் மேல உக்கார வெச்ச குழந்தைக்கு பிடிச்சுக்க ஒண்ணுமே கிடையாதுங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நாலு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், 40 கிமீ வேகத்துக்குள்ளன்னு 2022ல விதி கொண்டு வந்தாங்க. 2023 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஆக, வண்டி பட்ஜெட்டுலயே ரெண்டாவது ஹெல்மெட்டுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துக் காசு ஒதுக்குங்க. ஓட்டுறவன் தலையில ரெண்டாயிரம் ரூபா ஹெல்மெட்டு, பின்னாடி பொண்டாட்டி தலையில மல்லிப்பூ மட்டும். இதைப் பார்க்கறப்பதான் எனக்குக் கோபமே வருது.

அதைவிட முக்கியம், இன்சூரன்ஸ். இது நிறைய பேருக்குத் தெரியாது. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ மூணாம் நபர் இன்சூரன்ஸ் ஒட்டுமொத்தமா வாங்கிடறாங்க. வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துல முடிஞ்சுடும். "அதான் அஞ்சு வருஷம் இருக்கே"ன்னு விட்டுடறோம். ஆனா வெறும் மூணாம் நபர் பாலிசியில பின்சீட்டுல உக்காந்து வர்றவருக்குக் கவர் கிடையாதுன்னு 2006லயே திலக் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நாம கட்டுற 15 லட்ச ரூபா விபத்துக் காப்பீடு இருக்கே, அதுவும் ஓனர் கம் டிரைவருக்கு மட்டும்தான். ரோட்டுல போற முன்பின் தெரியாதவருக்குக் கவர் உண்டு, நம்ம முதுகைப் பிடிச்சுக்கிட்டு வர்ற சொந்தப் பொண்டாட்டிக்குக் கிடையாது! காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா வருஷா வருஷம் புதுப்பிச்சு, பின்சீட்டுக்காரருக்கான தனி விபத்துக் காப்பீடும் சேர்க்கச் சொல்லுங்க. ஏஜென்ட் தானாச் சொல்ல மாட்டார், நாமதான் கேக்கணும்.

ஆக, ஷோரூமுக்குப் போறப்ப தனியாப் போகாதீங்க. வீட்டுல யாரு அதிகமா பின்னாடி உக்காருவாங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க தினமும் போடுற டிரெஸ்ஸோட வரட்டும். நிக்கற வண்டியில பத்து நிமிஷம் உக்காரச் சொல்லுங்க. அப்புறம் டெஸ்ட் ரைடு, டபுள்ஸ்லயே. ஒரு மேம்பாலத்துல பாதியில நிறுத்திக் கிளம்பிப் பாருங்க. ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் ஏத்தி இறக்குங்க. திரும்பி வந்து, சேல்ஸ்மேன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, "எப்படி இருந்துச்சு?"ன்னு அவங்களைக் கேளுங்க. "பரவாயில்லை"ன்னு இழுத்தா அந்த வண்டி வேணாம். நம்ம வீட்டுப் பெண்கள் "பரவாயில்லை"ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

பி.கு: டபுள்ஸ் போறவங்க பின் டயர்ல காத்து கொஞ்சம் அதிகம் வைக்கணும். பெரும்பாலான பைக்ல செயின் கவர் பக்கமோ பின் ஃபோர்க்குலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தனியா போக ஒரு நம்பர், ஆளோட போக ஒரு நம்பர்னு போட்டிருக்கும். பின் ஷாக் அப்சார்பரையும் ரெண்டு படி இறுக்கிக்கலாம். இல்லைன்னா பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட்டு எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். காசு செலவில்லாத வேலை, நாளைக்குக் காலையிலயே பண்ணிடுங்க.